யாரும் பற்றவைக்காமல் நிலக்கரி ஏன் எரிகிறது, சுரங்கத்தில் அதை எப்படி அடக்குகிறார்கள்?

கேள்வி இது: "ஜார்க்கண்டின் ஜரியாவில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பூமிக்கடியில் கரி எரிந்துகொண்டே இருக்கிறது என்கிறார்கள். யாரும் பற்றவைக்காமல் கரி எப்படித் தானாக எரியும்? தண்ணீரை விட்டு அணைத்தால் என்ன? என் தம்பி ஓர் அனல் மின் நிலையத்தின் கரி யார்டில் வேலை செய்கிறான். அங்கேயும் அடிக்கடி புகைகிறதாம்."

நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். தம்பிக்கான பதில் கடைசியில் இருக்கிறது. ஆனால் நடுவில் இருப்பதைப் படிக்காமல் அங்கே போனால் பாதிதான் புரியும்.

கரி பூமிக்குள் புதைந்து கிடக்கும்வரை அதற்குக் காற்றோடு சம்பந்தமில்லை. வெட்டிய நிமிஷத்திலிருந்து அதன் பரப்பு ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கிறது. சாதாரண வெப்பநிலையிலேயே இது நடக்கும், தீப்பொறி எதுவும் வேண்டாம். இழுக்கும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் போக வழி இருந்தால் ஒன்றும் ஆகாது. வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் கரி சூடாகும், சூடான கரி இன்னும் வேகமாக ஆக்சிஜனை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வேகம் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் மனசில் வைத்திருக்கும் கணக்கு. 70, 80 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு அது தானாக அடங்குவது அபூர்வம். ஈரம் காயாமல் போர் போட்ட வைக்கோல் உள்ளுக்குள் வெந்து கருகுவதைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ஆரம்பித்து வைப்பது நுண்ணுயிர்கள், இங்கே ஆக்சிஜன். வெப்பம் உள்ளே மாட்டிக்கொள்கிற கதை இரண்டுக்கும் ஒன்றுதான்.

காற்று விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காற்றே இல்லையென்றால் கரி சூடேறாது. காற்று பலமாக வீசினாலும் சூடேறாது, ஏனென்றால் உண்டாகும் வெப்பத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொற்பக் கசிவு இருக்கிறதே, ஆக்சிஜன் கொண்டுவரப் போதுமானது, வெப்பத்தை வெளியே கொண்டுபோகப் போதாதது, அதுதான் தீ வைக்கிறது. சுரங்கத்தில் தீத்தடுப்பு என்று நாங்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கசிவைத் தேடிப் பிடித்து அடைப்பதுதான். தீயணைப்பு என்று கேட்டதும் குழாயும் தண்ணீரும் ஞாபகத்துக்கு வரும். நிலக்கரிச் சுரங்கத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது.

எல்லாக் கரியும் ஒரே மாதிரி இல்லை. பழுப்பு நிலக்கரியும் இளம் கரிகளும் சீக்கிரம் சூடாகும். நன்கு முதிர்ந்த கரியான ஆந்த்ரசைட் ஏறக்குறைய சாது. கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் கரிக்குள் பொடியாகக் கலந்திருந்தால் அது ஈரத்தில் ஆக்சிஜனேறி, தானும் சூடாகி, ஊதிப்பெருத்துக் கரியையும் உடைத்துவிடும். உடைந்த கரிக்குப் பரப்பு அதிகம், பரப்பு அதிகமானால் இழுக்கும் ஆக்சிஜனும் அதிகம்.

ஒரு கரி எவ்வளவு ஆபத்தானது என்று பார்க்க இந்தியாவில் வழக்கமாகச் செய்வது கிராசிங் பாயின்ட் சோதனை. கரித்தூளை ஓர் உலையில் வைத்து, அதன் வழியே காற்றையோ ஆக்சிஜனையோ விட்டுக்கொண்டே சீராகச் சூடேற்றுவார்கள். ஆரம்பத்தில் கரி உலையைவிடக் குளிர்ந்திருக்கும். ஒரு கட்டத்தில் உலையை எட்டிப்பிடித்து முந்தும். முந்துகிற அந்த வெப்பநிலை 120 முதல் 140 டிகிரிக்குள் இருந்தால் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய கரி. 140 முதல் 160 வரை நடுத்தரம். 160க்கு மேல் என்றால் கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான். சோதனையில் நல்ல பெயர் வாங்கிய கரி, நசுங்கிப்போன தூணிலோ பாறைப் பிளவின் ஓரத்திலோ எரிந்ததுண்டு. உலையில் வைத்த சில கிராம் தூளுக்கு மேலே இருக்கும் பாறையின் பாரம் தெரியாது.

களத்தில் அதைவிட உதவுவது 'இன்குபேஷன் பீரியட்' என்று நாங்கள் சொல்லும் காலக்கெடு. கூரையை விழவிட்டுக் கரி எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து சூடேறும் முதல் அறிகுறி தெரியும் நாள் வரைக்குமான காலம். சில அடுக்குகளில் இது சில மாதம்தான், சிலவற்றில் ஒரு வருஷத்துக்கும் மேல். ஒவ்வொரு சுரங்கமும் தன் பழைய அனுபவத்திலிருந்து இதைத் தெரிந்துவைத்திருக்கும். புதிதாக வருகிற மேனேஜர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான்.

ஏன் என்று புரிய, நம் ஊர் நிலத்தடிச் சுரங்கத்தில் கரி எடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் போல வெட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் சதுரம் சதுரமாகக் கரித்தூண்கள் நின்று கூரையைத் தாங்கும். இரண்டாவது கட்டம் டீபில்லரிங். கடைக்கோடியிலிருந்து அந்தத் தூண்களையும் எடுத்துக்கொண்டே பின்வாங்குவார்கள், பின்னால் கூரை இடிந்து விழும். இடிந்து கிடக்கும் அந்தப் பகுதியின் பெயர் கோஃப். எவ்வளவு நன்றாக எடுத்தாலும் கோஃபில் கரி மிச்சம் இருக்கும்: தூண்களின் துண்டுகள், கூரையோடு சேர்ந்து விழுந்த கரி, தூள். மனுஷன் உள்ளே போக முடியாத இடம். காற்று போகும், ஆனால் ஊர்ந்து போகும். மேலே சொன்ன நடுத்தரக் கசிவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அதனால் சுரங்கத்தை ஒரே பெரிய மைதானமாக விடாமல், தூண்கள் நிறைந்த பகுதியைப் பேனல் பேனலாகப் பிரிக்கிறார்கள். ஒரு பேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உடைக்காத கரிச்சுவர். பேனலுக்குள் நுழையும் வழிகள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. இன்குபேஷன் காலத்துக்குள் எடுத்து முடித்து, எல்லா வாயையும் சுவர் கட்டி அடைத்துவிட்டு வெளியே வந்துவிடும் அளவுக்குத்தான் பேனலின் பரப்பு இருக்கலாம். டீபில்லரிங் ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொரு வாயிலும் அடைப்புச் சுவரைப் பாதி கட்டி, ஆள் போகவும் டப் என்கிற கரி வண்டி போகவும் மட்டும் வழி விட்டு, மீதிக்கான செங்கல், மணல், சிமெண்டைப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கவேண்டும். தீ வந்த அன்றைக்குச் செங்கல் கேட்டு மேலே ஆள் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆய்வுக்குப் போகிறவர் முதலில் அந்தச் செங்கல் அடுக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது குறைந்திருந்தால், வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தால், அந்தச் சுரங்கத்தின் குணம் அங்கேயே தெரிந்துவிடும்.

தீயின் தேதி பெரும்பாலும் பேனலின் வரைபடம் போடும் மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. பேனல் பெரிதாகப் போனது, மெஷின் பழுதாகி இரண்டு மாதம் வேலை நின்றது, கூரை விழாமல் தொங்கியது, உற்பத்தி இலக்குக்காக இன்னும் நாலு தூண் என்று இழுத்தது. பின்னாளில் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் இப்படித்தான் இருக்கும். அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்தார்கள்.

மணல் நிரப்புவது இன்னொரு வழி. எடுத்த இடத்தில் மணலையும் தண்ணீரையும் குழாய் வழியே இறக்கி நிரப்பிவிட்டால் கோஃபே இல்லை. தண்ணீர் வடிந்துவிடும், மணல் இறுகி நிற்கும், கூரையும் விழாது, மேலே நிலமும் அமுங்காது. இதற்கென்றே 1939இல் தனிச் சட்டம் போட்டார்கள். ஜரியாவுக்குத் தாமோதர் ஆற்று மணல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. செலவு அதிகம், இப்போது ஆற்று மணலும் கிடைப்பதில்லை. அதனால் அனல் மின் நிலையச் சாம்பல், உடைத்த மேல்மண் என்று மாற்றுகளைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், தடிமனான அடுக்குக்கும் ஊருக்கு அடியில் இருக்கும் அடுக்குக்கும் இதைவிட நல்ல வைத்தியம் இன்னும் வரவில்லை.

இனி கண்டுபிடிப்பது. சுரங்க மேற்பார்வையாளர்களான பழைய சிர்தார்களும் ஓவர்மேன்களும் மூக்கையும் கண்ணையும் நம்பினார்கள். கரி சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்த கூரையில் பட்டு முத்து முத்தாகத் தொங்கும். கூரை வேர்க்கிறது என்பார்கள். காற்றில் லேசான மங்கல் தெரியும். அப்புறம் ஒரு வாடை, பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. ஒருமுறை முகர்ந்தவனுக்கு மறக்காது. ஆனால் மூக்குக்குத் தெரியும்போது வேலை பாதி கடந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. மனிதனைக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான், தீ அல்ல. 1994 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் நியூ கெண்டா சுரங்கத்தில் தீ ஏற்பட்டபோது 55 பேர் நச்சுக்காற்றில் மூச்சுத்திணறி இறந்தார்கள். நம் விதிகளில் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் இந்த வாயு 50 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கை, தாண்டக் கூடாது.

ஆனால் பிபிஎம் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு மாதிரி எடுத்தோம் என்று வையுங்கள். ஆக்சிஜன் 20.0 சதவீதம், நைட்ரஜன் 79.39, கார்பன் மோனாக்சைடு 0.008, அதாவது 80 பிபிஎம், மீதி கார்பன் டைஆக்சைடு. சுத்தமான காற்றில் நைட்ரஜனை 0.265ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஆக்சிஜனின் அளவு வரும். இங்கே 79.39ஐப் பெருக்கினால் 21.04. இருப்பது 20.0, ஆக, கரி தின்ற ஆக்சிஜன் 1.04. கார்பன் மோனாக்சைடை இந்தப் பற்றாக்குறையால் வகுத்து நூறால் பெருக்கினால் 0.77. இதுதான் கிரஹாம் விகிதம். இப்போது யாரோ புத்திசாலி காற்றை இரண்டு மடங்காக்குகிறார். மானியில் 80 பாதியாகி 40 ஆகிவிடும், ஷிப்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பற்றாக்குறையும் பாதியாகிவிட்டதால் விகிதம் அதே 0.77தான். சூடு அங்கேயே இருக்கிறது, நாம் தண்ணீர் கலந்த மோரைக் குடித்துக்கொண்டிருக்கிறோம். பொதுவாக 0.4க்குள் இருந்தால் வழக்கமான நிலை, 0.5ஐத் தாண்டினால் தேடிப்பார்க்க வேண்டும், 1 என்றால் ஏறக்குறைய நிச்சயமாகச் சூடேறல், 2 என்றால் நிலைமை மோசம், 3க்கு மேல் தீ. இந்த எண்களைவிட முக்கியம் அது வாரா வாரம் எந்தப் பக்கம் போகிறது என்பது. 0.3இலேயே நிலையாக நிற்கும் சுரங்கத்தைவிட, 0.1இலிருந்து 0.3க்கு ஏறிய சுரங்கம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடைத்த பேனலின் சுவரில் ஒரு குழாயும் வால்வும், பக்கத்தில் யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரும் இருக்கும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் சுவர் மூச்சை இழுக்கிறதா விடுகிறதா என்று தெரியும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியே வரும், கூடினால் வெளிக்காற்று உள்ளே போகும். நம் வெப்பமண்டல நாட்டில் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் அடி. காலையில் போய் வால்வைத் திறந்தால் சுவர் இழுத்துக்கொண்ட வெளிக்காற்றைத்தான் பையில் பிடித்து வருவீர்கள், லேப் அறிக்கையும் அருமையாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு, சுவர் மூச்சு விடும் நேரத்தில் எடுக்க வேண்டும். முதல் ஷிப்டில் வேலை முடியட்டும் என்று காலையிலேயே மாதிரி எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. வசதிதான், ஆனால் அந்த மாதிரியை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

அறிகுறி தெரிந்தும் செயல்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மௌரா. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மௌரா 2ஆம் எண் சுரங்கம், 512 என்ற பேனல். வாரக்கணக்கில் அங்கங்கே வாடை வந்ததாகச் சொன்னார்கள், கார்பன் மோனாக்சைடு ஏறியது, சிலர் மங்கலையும் பார்த்தார்கள். ஒவ்வொரு தகவலும் ஒவ்வொருவரிடம் தனித்தனியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. கரி எடுத்து முடித்து, ஒரு வார இறுதியில் பேனலை அடைத்தார்கள். அடைத்த இடத்தில் மீத்தேன் சேரும். 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் காற்றில் இருந்தால் வெடிக்கும், அதற்கு மேல் போனால் வெடிக்காது. ஆனால் மேலே போக நடுவைக் கடந்துதான் ஆகவேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருந்த கரி அந்த நேரத்துக்குத் திரியாக இருந்தது. 1994 ஆகஸ்ட் 7, ஞாயிறு இரவு ஷிப்டுக்கு ஆட்களை இறக்கியிருந்தார்கள். 21 பேரில் 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு வெடிப்பு. சுரங்கத்தையே மூடினார்கள், உடல்களை எடுக்கவே முடியவில்லை. இத்தனைக்கும் அதே வட்டாரத்தில் 1975இல் கியாங்கா சுரங்கத்தில் சூடேறிய இடத்தை அடைக்கப் போன 13 பேர் வெடிப்பில் இறந்திருந்தார்கள். புதுப் பாடம் எதுவும் இல்லை, படித்தவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

ஆகவே சீல் வைத்தவுடன் எல்லோரும் மேலே. உள்ளே என்ன நடக்கிறது என்று மாதிரி சொல்லும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் உள்ள கடைசி வாய்களை ஒரே சமயத்தில் மூட வேண்டும். ஒரு பக்கத்தை முன்னால் மூடிவிட்டு மறுபக்கத்துக்கு நடந்து போனால், அந்த இடைவெளியில் உள்ளே என்ன கலவை உருவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடி தாங்கும் அளவுக்குச் சுவர் கனமாக இருக்க வேண்டும். இப்போது நைட்ரஜனையும் உள்ளே விடுகிறார்கள், மேலே காற்றிலிருந்து பிரித்தோ டேங்கரில் திரவமாகக் கொண்டுவந்தோ. மீத்தேன் வெடிக்க ஏறத்தாழ 12 சதவீத ஆக்சிஜனாவது வேண்டும். நைட்ரஜனை விட்டு அதற்குக் கீழே சீக்கிரம் இறக்கிவிட்டால் அந்த ஆபத்தான நடுக்கட்டம் சுருங்கிவிடும். கார்பன் டைஆக்சைடு காற்றைவிடக் கனம் என்பதால் சரிவின் அடிப்பக்கத்தில் இருக்கும் தீக்கு நல்லது, மேட்டில் இருக்கும் தீக்கு அது ஏறிப் போகாது.

ஆனால் சுடர் அணைவதும் கனல் அணைவதும் ஒன்றல்ல. 12 சதவீதத்துக்குக் கீழே சுடர் போய்விடும், கரியோ 2 சதவீத ஆக்சிஜனிலும் கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள பாறையும் மாதக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மானியில் கார்பன் மோனாக்சைடு பூஜ்யமாகிவிட்டது என்று சுவரை உடைத்தவர்கள் பலர், புதுக்காற்று உள்ளே போனதும் தீ எழுந்து மறுபடி அடைக்க ஓடியிருக்கிறார்கள். ஆக்சிஜன் அடியில் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இல்லை, வெப்பம் பழைய நிலைக்கு வந்துவிட்டது, இந்த மூன்றும் வாரக்கணக்கில் அசையாமல் இருக்கிறது என்றால்தான் திறப்பதைப் பற்றிப் பேச்சே. அதுவும் மீட்புப் படை சுவாசக் கருவியோடு முன்னால் போக வேண்டும்.

அடைத்துவிட்டோம் என்றால் காற்று போகாது என்றும் நினைத்துவிடக் கூடாது. சுவரின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் இருந்தால் சுவரைச் சுற்றியுள்ள வெடித்த கரி வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும். மெயின் ஃபேனைப் பெரிதாக்கினால் இந்த வித்தியாசமும் கூடும், நல்லது செய்வதாக நினைத்துத் தீக்கு ஊதிவிடுவோம். பிரஷர் பேலன்சிங் என்பது இதற்கான பதில்: சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பி நடுவில் ஓர் அறை உண்டாக்கி, அந்த அறையின் அழுத்தத்தைக் கோஃபின் அழுத்தத்தோடு சமமாக்கிவிடுவது. யூ குழாயில் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் காற்றுக்கு அங்கே போகக் காரணமே இல்லை. செலவு குறைவு, ஆனால் சுரங்கத்தின் காற்றோட்டக் கணக்கு முழுக்க விரல் நுனியில் இருக்கவேண்டும்.

தண்ணீர் விஷயம். எட்டக்கூடிய, சின்ன, கண்ணுக்குத் தெரியும் தீ என்றால் தண்ணீர் சரிதான். கோஃபின் உள்ளே இருக்கும் தீக்கு ஊற்றினால் இரண்டு தொல்லை. ஒன்று, தண்ணீர் பள்ளத்துக்குப் போகும், கனல் மேட்டில் தங்கும். ஈரம் பட்டு மறுபடி உலர்ந்த கரி இன்னும் நொறுங்கி, அடுத்த சுற்றுக்குத் தயாராகும். இரண்டு, சிவந்த கரியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கும், இரண்டும் வெடிக்கக்கூடியவை. அந்தக் காலத்தில் இதே வினையை வைத்து எரிவாயு தயாரித்து விற்றார்கள். சுரங்கத்துக்குள் அந்த ஃபாக்டரி வேண்டாம்.

இப்போது ஜரியா. ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் உருக்காலைகளுக்குத் தேவையான உயர்தரக் கோக்கிங் கரியின் முக்கிய இருப்பு அங்கேதான். பதிவான முதல் தீ 1916இல் பௌரா சுரங்கத்தில். தடிமனான அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பல இடங்களில் தரைமட்டத்துக்கு அருகிலேயே. எண்ணற்ற சிறு முதலாளிகள் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் வெட்டினார்கள். மணல் நிரப்பவில்லை, பேனல் பிரிக்கவில்லை, தூண்களை நினைத்த மாதிரி நோண்டினார்கள். பக்கத்துச் சுரங்கத்துக்கு நடுவில் இருந்த கரிச்சுவரையும் தின்றார்கள். மேலே நிலம் அமுங்கி வெடித்தது, ஒவ்வொரு வெடிப்பும் ஒரு காற்றுக்குழாய். பேனல் என்றால் நான்கைந்து வாயை அடைக்கலாம், ஒரு நகரத்தின் தரையை எப்படி அடைப்பது? 1971, 72இல் கோக்கிங் கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாகிப் பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் வந்தபோது கையில் கிடைத்தது 70 தீக்கள், சுமார் 17 சதுர கிலோமீட்டர்.

மேலே மண் போட்டு மூடினார்கள், தீக்கும் நல்ல கரிக்கும் நடுவில் அகழி வெட்டினார்கள், போர்வெல் வழியாகச் சாம்பல் குழம்பு இறக்கினார்கள், நைட்ரஜன் விட்டார்கள். சில இடங்களில் பலித்தது. மண் போர்வை ஒரு கோடையில் காய்ந்து வெடிக்கும், அடியில் நிலம் இன்னொரு முறை அமுங்கினால் போட்ட மண்ணும் உள்ளே போய்விடும். ஆகவே கடைசியில் வந்து நின்ற வழி தோண்டி எடுப்பது. எரியும் அடுக்கையே திறந்தவெளிச் சுரங்கமாக்கி, கரியையும் கனலையும் வாரி எடுத்துவிடுவது. தொழில்நுட்பமாக இது சரியான வழி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பழைய தூண்களைத் திறக்கும்போது அதுவரை மூச்சு முட்டிக் கிடந்த கரிக்கும் காற்று கிடைக்கும், எடுக்கும் வேகம் குறைந்தால் தீ முந்திக்கொள்ளும். வெடிமருந்து வைக்கப் போடும் துளைகளே கொதிக்கும். துளைக்குள் 80 டிகிரியைத் தாண்டினால் மருந்து வைக்கக் கூடாது என்பது விதி. இதில் அந்த ஊர்க்காரர்களின் சந்தேகத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது: தீயை அணைக்கிறோம் என்ற பெயரில் வீட்டடியில் இருக்கும் கரிக்காகத்தான் எங்களைக் கிளப்புகிறார்கள் என்கிறார்கள். தீயும் நிஜம், கரியின் விலையும் நிஜம்.

2009இல் ஜரியாவுக்கும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வட்டாரத்துக்கும் சேர்த்து 7,112 கோடி ரூபாயில் ஒரு மாஸ்டர் பிளான். மக்களைப் பேல்கரியா என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். வேலையும் சந்தையும் ஜரியாவில், வீடு மட்டும் அங்கே என்றால் யார் போவார்கள்? திட்டம் இழுத்தது. 2017 ஜூனில் தீ பயத்தால் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே மூடினார்கள், 2019இல்தான் மறுபடி வண்டி ஓடியது. தீ தெரியும் இடங்கள் 77இலிருந்து 27ஆகக் குறைந்திருப்பதாக அரசு சொல்கிறது. 2025 ஜூனில் ஜரியாவுக்கு மட்டும் 5,940 கோடியில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இந்த முறை வீட்டோடு பிழைப்புக்கான பயிற்சியும் உதவியும் சேர்த்திருக்கிறார்கள்.

நெய்வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இருப்பது பழுப்பு நிலக்கரி, பாதிக்குப் பாதி ஈரம், வெயிலில் காய்ந்து வெடித்தால் சூடேறும் வகை. அதனால்தான் சுரங்கம் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள், தெளிப்பான்கள். திறந்தவெளி என்பதால் அங்கே தண்ணீர் செல்லுபடியாகிறது. கண்ணுக்குத் தெரியும் முகப்பில், சூடேறும் முன்பே நனைக்க முடிகிறது. வெட்டிய முகப்பை நாள்கணக்கில் சும்மா போட்டு வைக்கக் கூடாது என்பதும் அங்கே எழுதாத சட்டம்.

சரி, தம்பியின் யார்ட். குவியலில் கரியைக் கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு அடியில் போய் நிற்கும், தூள் நடுவில் தங்கும். அடியில் உள்ள கட்டிகளின் இடுக்கு வழியே காற்று நுழைந்து தூளுக்குள் ஏறும். அதனால் புகை பெரும்பாலும் காற்றடிக்கும் பக்கத்துச் சரிவில், மேல்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே ஆரம்பிக்கும். மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் புல்டோசரை ஓட்டி இறுக்க வேண்டும், ஓரத்தையும் சேர்த்து. முதலில் வந்த கரி முதலில் போக வேண்டும். மூலையில் ஒரு குவியல் ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது என்றால் அடுத்த புகை அங்கேதான். கோடையில் காய்ந்த குவியலில் முதல் மழை விழுந்த மறுவாரம் கூடுதலாகப் பார்க்கச் சொல்லுங்கள், காய்ந்த கரி ஈரத்தை இழுக்கும்போதும் வெப்பம் வரும். வெப்பமானி இல்லாவிட்டால் நீளமான இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிஷம் விட்டு உருவினால் போதும், எந்த இடம் சுடுகிறது என்று கைக்குத் தெரியும். கப்பலில் வரும் இறக்குமதிக் கரிக்கே 55 டிகிரிக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. குவியலில் அந்த எண்ணை நெருங்கினால் அந்தப் பகுதியை முதலில் பாய்லருக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஏற்கெனவே புகைகிறது என்றால் மேலே ஹோஸ் அடித்துப் பயனில்லை. லோடரை விட்டு அந்த இடத்தை வெட்டி எடுத்து, தனியே மெல்லியதாகப் பரப்பி, ஆறவிட்டு, பிறகு நனைத்து, குழியை இறுக்கி மூட வேண்டும். கனன்ற கரியை அப்படியே கன்வேயரில் ஏற்றினால் பெல்ட் எரியும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. யூனிட் நின்றுபோய், பாய்லருக்குப் போகும் கரியைத் தேக்கி வைக்கும் பங்கரில் கரி பல நாள் தங்கினால் அங்கும் சூடேறும், மூடிய இடமாதலால் கார்பன் மோனாக்சைடு நிறையும். குவியலுக்கு அடியில் கரியை எடுத்து அனுப்ப ஓடும் ரிக்ளெய்ம் சுரங்கப்பாதையிலும் அப்படியே. அடைப்பு எடுக்க இறங்கு என்று சொன்னால், கையில் வாயு மானி இல்லாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல் தம்பி இறங்க வேண்டாம். முகமூடி என்று துணியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அது தூசியைத் தடுக்கும், இந்த வாயுவை அல்ல.